விருத்தத்துக்குப் பின்னால் ஊதுகிறவன்

தெருக்கூத்தில் முகவீணை ஊதுகிறவனுக்குத் தாளம் நின்ற பிறகுதான் உண்மையான வேலை. தாளக்கட்டோடு வரும் தருவைப் பாடும்போது மத்தளமும் தாளமும் பாதை போட்டுக் கொடுத்துவிடும். விருத்தத்தில் அது கிடையாது. வேஷக்காரர் எந்தச் சொல்லை நீட்டுவார், எங்கே மூச்சு வாங்குவார் என்பது பல நேரம் அவருக்கே தெரியாது. அவர் விட்ட சுரத்தைப் பிடித்து, மூச்சு வாங்குகிற இடைவெளியை நிரப்பி, அடுத்த அடியில் அவரைக் கொண்டுபோய் விடவேண்டும். கொஞ்சம் முந்தினாலும் அது அவர் அழுகையாக இருக்காது, என் வாசிப்பாகிவிடும்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. அதில் அரவான் களபலிதான் எனக்குப் பெரிய இரவு. கூவாகத்தில் கூத்தாண்டவராகக் கும்பிடப்படும் அரவான் எங்கள் மாவட்டத்துச் சாமி. களபலிக்கு ஒப்புக்கொண்ட அந்தப் பிள்ளை தாயிடம் விடைபெறும்போது கூட்டம் கதை கேட்பதில்லை, சொந்த வீட்டுச் சாவுக்கு உட்கார்ந்திருக்கிறது. அந்த விருத்தத்தை முகாரியில் எடுப்போம். மத்தளக்காரர் கையை மடியில் வைத்துக்கொள்வார்.

அசர்பைஜான் நாட்டு முஹாம் இசையில் ஆலிம் காசிமோவ் பாடியதைக் கேட்டபோது இந்த இரவுதான் நினைவில் வந்தது. பாடகர் கையில் கவால் என்ற ஒருமுகப் பறை. பக்கத்தில் தார் என்ற நரம்புக் கருவியும், வில்லால் இழுக்கிற கமான்சாவும். கஸலைத் தாளமில்லாமல் அவர் பாடிக்கொண்டே போக, மற்ற இருவரும் அவர் வாயைப் பார்த்துப் பின்தொடர்கிறார்கள். நடுநடுவே தஸ்னிஃப் என்று தாளக்கட்டோடு ஒரு பாட்டு வந்து எல்லோரையும் ஒன்றுசேர்க்கிறது. நமக்கு விருத்தமும் தருவும் எப்படியோ, அவர்களுக்கு அப்படி. எங்களைப் போல நாணல் சீவாளி வைத்து ஊதுகிற பாலபான் என்ற குழலும் அவர்களிடம் உண்டு. 1977-இல் வாயேஜர் விண்கலங்களோடு அனுப்பிய தங்கத் தட்டில் காமில் ஜலீலோவ் வாசித்த பாலபான் பதிவாகியிருக்கிறது.

கல்வராயன் மலையில் ஆட்டம் என்றால் குளிரோடும் சண்டை. நள்ளிரவுக்கு மேல் காற்று குளிர்ந்ததும் முகவீணையின் சுருதி இறங்கும். ஆர்மோனியம் அவ்வளவாக அசையாது. சீவாளியை வாயிலேயே வைத்து ஈரமும் சூடும் குறையாமல் பார்த்துக்கொண்டு, உதட்டை இறுக்கி, மேலே ஏற்றிப் பிடிக்கவேண்டும். இந்தப் பாடு எதற்கு, கீபோர்டு போதுமே என்று கூத்து ஜமாக்களிலேயே கேட்கிறார்கள். கீபோர்டு வரட்டும். ஆனால் கட்டையை அழுத்தினால் வருகிற சுரத்துக்கு ஓர் இடம்தான் உண்டு. முகாரி அழுவது இரண்டு கட்டைகளுக்கு நடுவில்.

அசர்பைஜான் இசையமைப்பாளர் உசேயிர் ஹாஜிபேயோவ் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். 1908-இல் பாக்கு நகரில் அரங்கேறிய அவருடைய 'லெய்லி மஜ்னூன்' இசைநாடகத்தில் ஐரோப்பிய வாத்தியங்கள் வந்தன. ஆனால் முஹாம் வரும் இடங்களை அவர் எழுதிக் கட்டவில்லை. பாடகரின் மனப்போக்குக்கே விட்டுவிட்டார், துணைக்குத் தார் மட்டும். கூத்து வாத்தியார்களிடம் நான் கேட்பதும் இதுதான். நுழைவுக்கும் தருவுக்கும் எந்தப் பெட்டியை வேண்டுமானாலும் வையுங்கள், விருத்தத்தை முகவீணைக்கு விடுங்கள்.

என்னிடம் கற்க வருகிற பையன்களுக்கு எடுத்த எடுப்பில் சீவாளியைக் கொடுப்பதில்லை. திரைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, வேஷக்காரர் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் தொடையில் விரலால் தட்டச் சொல்கிறேன். அது தப்பாமல் விழுந்த பிறகே வாத்தியம் கைக்குப் போகும்.