மல்லாட்டைப் பிண்ணாக்கும் மணல் குழாயும்

திங்கள்
மல்லாட்டைப் பிண்ணாக்கின் புரதத்தை டிரிப்சின் வெட்டி முடித்துவிட்டது. லைசின், ஆர்ஜினின் எங்கே என்று பார்த்து வெட்டும் நொதி அது. எச்.பி.எல்.சி. என்ற திரவ நிறப்பிரிகைக் கருவியில் முதல் ஓட்டம்: கரைப்பானில் அசிட்டோநைட்ரைல் 5 சதவீதத்திலிருந்து 60 வரை, 20 நிமிடம். மாசி மகத்தன்று விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கும் கூட்டம்போல, பெப்டைடு பீக்குகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி வந்தன. "நீளமான குழாய் ஒண்ணு புதுசா வாங்கிடலாம்ணே" என்கிறான் கூட வேலை செய்யும் தம்பி. அவசரம் வேண்டாம் என்றேன்.

செவ்வாய்
பெப்டைடு, குழாய்க்குள் இருக்கும் சி18 (18 கார்பன் சங்கிலி) பரப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அசிட்டோநைட்ரைல் ஒன்றிரண்டு சதவீதம் கூடினால் சட்டென்று கையை விட்டுவிடும். ஆகவே ஏற்றத்தின் வேகம்தான் எல்லாம். நிமிடத்துக்கு 2.75 சதவீதமாக இருந்ததை 0.5 ஆக்கினேன். ஓட்டம் 110 நிமிடம் நீண்டது; கூட்டம் கலையத் தொடங்கியது. அலைநீளம் 214 நானோமீட்டர். 280-ஐ மட்டும் நம்பினால் டிரிப்டோஃபான், டைரோசின் இல்லாத துண்டுகள் பெரும்பாலும் கண்ணிலேயே படாது.

வியாழன்
சாயங்காலம் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் நடந்தேன். பொம்மை, ஃபியூஸ் கட்டை என்று இந்த ஊர் பிழைப்பது வெள்ளைக் களிமண்ணையும் குவார்ட்ஸ் பொடியையும் வைத்து. குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. எங்கள் எஃகுக் குழாய்க்குள் அடைத்திருப்பதும் சிலிக்காதான், மைக்ரான் அளவு உருண்டைகளாக, உள்ளெல்லாம் நுண்துளைகளோடு. டிரிப்சின் துண்டுகளுக்கு 100 ஆங்ஸ்ட்ராம் துளை போதும். முழுப் புரதத்துக்கு 300 வேண்டும்.

சிலிக்காவின் பரப்பில் சி18 ஏறாமல் மிஞ்சியிருக்கும் சிலனால் தொகுதிகள்தான் தொல்லை. எதிர்மின்சுமை ஏறினால் பெப்டைடின் அமீனை இழுத்துப் பிடிக்கும், பீக்குக்கு வால் முளைக்கும். கரைப்பானில் 0.1 சதவீத டி.எஃப்.ஏ. (டிரைஃப்ளூரோ அசிட்டிக் அமிலம்) சேர்த்தால் பி.எச். 2 அளவுக்கு இறங்கும், வால் ஒடுங்கும். ஆனால் அதே டி.எஃப்.ஏ. நிறைமாலைமானியில் சமிக்ஞையை அமுக்கிவிடும். அங்கே ஃபார்மிக் அமிலம்தான் சரி, பீக் கொஞ்சம் அகன்றாலும். காரத்தில் ஓட்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம். பி.எச். 8-ஐத் தாண்டினால் சாதாரண சிலிக்கா கரையும்.

சனி
வெப்பநிலையை 30-லிருந்து 50 டிகிரி செல்சியஸ் ஆக்கினேன். அழுத்தம் குறைந்தது எதிர்பார்த்ததுதான். ஒட்டிக்கிடந்த 2 பீக்குகள் இடம் மாறி விலகியதுதான் லாபம். இரண்டு ஏற்ற வேகம், இரண்டு வெப்பநிலை: இந்த 4 ஓட்டங்களை வைத்தே மற்ற நிலைகளைக் கணக்கிட்டுவிடலாம்.

இரவு, கோனஸ் அமாடிஸ் என்ற கூம்புச் சங்கின் நஞ்சைப் பற்றிப் படித்தேன். அந்தக் கலவையிலிருந்து 26 அமினோ அமிலம் கொண்ட ஒரே ஒரு பெப்டைடைப் பிரித்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பி. பலராம் குழுவினர் 2003-இல் வெளியிட்டார்கள். நரம்பின் சோடியம் வாயில் மூடுவதை அது தடுக்கிறது. சுத்தமாகப் பிரிக்காமல் அந்தக் குணத்தை எந்தத் துண்டின் தலையில் கட்டுவது?

தம்பிக்கு எழுதி வைத்திருக்கிறேன்: முதலில் ஏற்றம், பிறகு வெப்பநிலை, அதன்பின் அமிலம். இந்த மூன்றும் கைவிட்டால் மட்டும் புதுக் குழாய்க்கு விண்ணப்பம் போடு.