அம்மாவுக்கு முதலில் கேட்டது

"வளைவுலதான் அப்படிப் பண்ணுது."

பின் சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த அம்மா சொன்னார். நான் வானொலியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "பழைய கார்மா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சத்தத்தை மறுபடியும் கூட்டிக்கொண்டேன்.

வானொலியில் பேசுவது என் தொழில். தொலைபேசியில் நேயர் "வணக்கம்" என்று சொல்லும்போதே அவர் சிரித்த முகத்தோடு பேசுகிறாரா, அழுதுவிட்டுப் பேசுகிறாரா என்று தெரிந்துவிடும் என்று நண்பர்களிடம் பெருமை அடித்துக்கொள்வேன். அந்தக் காதுகள்தான் மூன்று வாரம் என் காரைக் கேட்கவே இல்லை.

கார் அப்பாவுடையது. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர், ஓய்வு பெற்றபோது இ.பி.எஃப். பணத்தில் வாங்கினார். முட்டி வலிக்கு கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால் ஆட்டோ கியர். இப்போது அப்பா இல்லை. காருக்கு வயது 20-ஐத் தாண்டிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து கோல சிலாங்கூருக்கு அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போவது அந்தக் கார்தான். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். முடிந்து வரும்போது அம்மாவுக்குப் பேசவே தெம்பு இருக்காது. அந்த நிலையில் அவரைப் பேருந்துக்காக வெயிலில் நிற்க வைக்க முடியுமா?

நாட்டில் முதன்முதலாக வணிக ரீதியில் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் வட்டாரத்தில்தான் இருக்கிறது. அது 1917-இல். இன்றும் எங்கள் சாலைகளில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளுக்குக் குறைவில்லை. ஒருநாள் மதியம், கம்போங் குவாந்தான் பக்கம் ஒரு சந்திப்பில் வலது பக்கம் திரும்பும்போது எண்ணெயை மிதித்தேன். எஞ்சின் அலறியது, கார் நகரவில்லை. எதிரே குலை லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. இரண்டு விநாடி கழித்து 'டக்'கென்று ஓர் உதை உதைத்துக் கார் பாய்ந்தது. லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனார். அம்மா எதுவும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் நான் வானொலியை அணைத்தேன்.

முதலில் போன பட்டறையில், "கியர் சரியில்லை" என்று சொன்னேன். ஓட்டிப் பார்த்தார்கள். "கியர் பாக்ஸ் போச்சு சிஸ்டர். ஹாஃப் கட் ஒண்ணு மாத்திடலாம். 3,000 ரிங்கிட் ஆகும்" என்றார்கள். யாரும் டிப் ஸ்டிக்கை உருவிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. மருத்துவரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அவர் என்ன செய்வார்?

அப்பாவோடு தோட்டத்தில் வேலை செய்த ஃபோர்மன் ஒருவர் வீட்டுக்குப் பின்னால் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். அவர் பானட்டைத் திறப்பதற்கு முன்பே கேள்விகளை அடுக்கினார். "கார் குளிர்ச்சியா இருக்கும்போதா, சூடானப்புறமா? முன்னுக்குப் போகும்போதா, ரிவர்ஸிலா? எத்தனையாவது கியர் விழும்போது? நேர்ச் சாலையிலா, வளைவிலா?"

நான் திருதிருவென்று விழித்தேன். அம்மா கார் கண்ணாடியை இறக்கினார். "வீட்டுல இருந்து கெளம்புறப்ப இல்லண்ணே. ஒரு இருபது நிமிஷம் ஓடினப்புறம்தான். அதுவும் வளையும்போது. ரிவர்ஸ் நல்லாத்தான் போகுது."

ஃபோர்மன் சிரித்தார். "கியர் எண்ணெய் குறைஞ்சிருக்கும்மா."

ஆட்டோ கியரில் எண்ணெய் வெறும் மசகு மட்டும் இல்லை. எஞ்சினின் சக்தியைக் கடத்துவதும், கிளட்ச் தகடுகளை அழுத்திப் பிடிப்பதும், சூட்டைத் தணிப்பதும் அதே எண்ணெய்தான். அளவு குறைந்தால், வளைவில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். அழுத்தம் இறங்கும், தகடுகள் வழுக்கும். சூடாகி எண்ணெய் நீர்த்துப்போனால் இன்னும் மோசம்.

எஞ்சினை ஓடவிட்டு, சமதரையில், பிரேக்கை மிதித்தபடி கியரை எல்லா நிலைக்கும் ஒருமுறை நகர்த்திவிட்டு டிப் ஸ்டிக்கை உருவச் சொன்னார். சில கார்களுக்கு எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டுமாம்; அதனால் காரோடு வந்த கையேட்டைப் பார்ப்பது நல்லது. எண்ணெய் தெளிந்த சிவப்பாக இருந்தால் கவலை இல்லை. பழுப்பாகி, கருகிய வாடை வந்தால் தகடு தேய்கிறது. சிராப் பண்டோங் மாதிரி பாலும் ரோஸுமாக இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கலந்துவிட்டது. அதற்குமேல் காரை ஓட்டவே கூடாது.

எங்கள் எண்ணெய் பழுப்பு. லேசான கருகல் வாடை. அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே. ரேடியேட்டருக்குப் போகும் எண்ணெய்க் குழாய் வெடித்துக் கசிந்திருந்தது. வீட்டு வாசலில் பல நாளாக இருந்த கறையை நான் மழைத்தண்ணீர் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன்.

குழாயை மாற்றி, அடித்தட்டைக் கழற்றினார். அதிலிருந்த காந்தத்தில் சாம்பல் நிறப் பசை. "இது எல்லா காரிலும் இருக்கும்" என்றார். பக்கத்தில் கொஞ்சம் கறுப்புத் துகள்கள். அதைப் பார்த்ததும் முகம் மாறியது. "இது தகடு. எண்ணெய் இல்லாம ஓட்டினதுல எரிஞ்சிருக்கு. மூணு வாரம் முன்னாடி வந்திருந்தா இது இருந்திருக்காதும்மா."

மூன்று வாரம். அம்மா சொன்ன நாளிலிருந்து எண்ணினால் சரியாக மூன்று வாரம்.

செலவு 300 ரிங்கிட்டுக்குள் முடிந்தது. வளைவில் இப்போது வழுக்குவதில்லை. ஆனால் நன்றாகச் சூடானபின் மூன்றாவது கியர் விழும்போது ஒரு சின்னத் தயக்கம் உண்டு. "ஒரு வருஷம் ஓடலாம், முன்னாடியே நிக்கவும் செய்யலாம். காசு சேர்த்து வச்சுக்கோ" என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார். சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் பழைய ஆட்டோ கார் இருந்தால், பட்டறைக்குப் போய் "கியர் போச்சு" என்று தீர்ப்பைச் சொல்லாதீர்கள். எப்போது, எங்கே, எந்தக் கியரில் என்று நடந்ததைச் சொல்லுங்கள். டிப் ஸ்டிக்கை உங்கள் கண் முன்னால் உருவச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர் ஏதாவது சொன்னால், அவருக்கு ஓட்டத் தெரியாது என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள். ஓட்டுகிறவருக்குச் சாலைமேல் கவனம். உட்கார்ந்து வருகிறவருக்குத்தான் காரின் ஒவ்வோர் அசைவும் உடம்பில் தெரியும்.

டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் எடையையும் இரத்த அழுத்தத்தையும் குறித்துவைக்க அம்மாவிடம் ஒரு நோட்டு இருக்கிறது. போன வாரம் அதன் கடைசிப் பக்கத்தைத் தற்செயலாகப் பார்த்தேன். அம்மாவின் சாய்ந்த கையெழுத்தில் இப்படி இருந்தது:

"செவ்வாய். வளைவுல நல்லா இருக்கு. மூணாவது கியர்ல ஒரு தடவை. வாசல்ல கறை இல்ல. இவ அவங்க அப்பாவைவிட வேகமா ஓட்டுறா."