ஆறெழுத்துப் பெயர்

தில்லி ராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் நாங்கள் வாழ்ந்த காலம் அது. நான் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். குடியிருப்புச் சிறுவர்கள் கூடிக் கிரிக்கெட் அணி ஒன்றை அமைத்திருந்தோம். குளிர்கால விடுமுறையில் பக்கத்துக் குடியிருப்பு அணியோடு ஆடுவதென முடிவாயிற்று.

எல்லாரும் ஒரே உடை அணிய வேண்டும் என்றான் எங்கள் அணித்தலைவன். 1992 ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில்தான் வீரர்கள் வண்ண உடையணிந்து, முதுகில் பெயர் பொறித்து ஆடினார்கள். அதுபோல் நாமும் ஆட வேண்டும் என்பது அவன் ஆசை. சரோஜினி நகர்ச் சந்தையில் பெயரற்ற நீலச் சட்டைகள் மலிவாகக் கிடைத்தன. பெயர் அச்சிடுவதற்கு மட்டும் கடைக்காரர் எழுத்துக்கு 10 ரூபாய் கேட்டார்.

நண்பர்களின் பெயர்கள் நான்கைந்து எழுத்துகளில் முடிந்தன. என் பெயர் எழிலரசன். ஆங்கிலத்தில் அதற்கு 11 எழுத்துகள் வேண்டும். “எஜில் என்று போட்டுக்கொள், போதும்” என்று தலைவன் சிரித்தான். பள்ளியிலும் என்னை அப்படித்தான் அழைத்தார்கள். ழகரம் அவர்கள் நாவில் ஜகரமாகிவிடும். நானும் ஒருநாளும் திருத்தியதில்லை. ஆயினும், அந்தப் பெயரை நானே முதுகில் சுமக்க மனம் ஒப்பவில்லை. சட்டையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அம்மா கேட்டார்: “தமிழில் உன் பெயருக்கு எத்தனை எழுத்து?”

விரல்விட்டு எண்ணினேன். எ, ழி, ல, ர, ச, ன். ஆறே எழுத்துகள்!

“அப்படியானால் வீட்டிலேயே எழுதிவிடலாம்.”

“அதை அங்கே யாரம்மா படிப்பார்கள்?”

“உனக்குப் படிக்கத் தெரியுமே” என்றார் அம்மா.

முதலில் சட்டையைத் துவைத்துக் கஞ்சியைப் போக்கினோம். பின்னர்த் தடித்த அட்டையில் என் பெயரையும் 8 என்னும் எண்ணையும் வரைந்து, உட்பகுதியை வெட்டி எடுத்தோம். எட்டின் நடுவிலுள்ள இரு வட்டங்களும் கழன்று விழுந்தன! எழுத்தின் சுழிகளுக்கும் அதே கதிதான். சுழியை விளிம்போடு இணைக்கச் சிறு பாலம் விட்டு வெட்ட வேண்டும் என்பதை அப்போது கற்றேன். மறுபக்கம் வண்ணம் ஊறாமலிருக்கச் சட்டைக்குள் பழைய அட்டை ஒன்றைச் செருகினோம். துணிக்குரிய வெள்ளை வண்ணத்தைப் பஞ்சில் சிறிதே தொட்டு, ஒற்றி ஒற்றி எடுத்தோம். முதற்பூச்சு காய்ந்தபின் மறுபூச்சு. பாலம் விட்ட இடங்களை மெல்லிய தூரிகையால் நிரப்பினோம்.

ஒரு நாள் முழுதும் காய்ந்தபின், சட்டையை உட்புறம் திருப்பி, மேலே பருத்தித்துணி விரித்து, இளஞ்சூட்டில் தேய்க்க வேண்டும். அப்போதுதான் வண்ணம் நிலைக்கும் என்று அம்மா சொல்லியிருந்தார். எனக்கோ பொறுமை இல்லை. அம்மா அடுக்களையில் இருந்தபோது, பருத்திச் சட்டைக்கு வைக்கும் சூட்டிலேயே இஸ்திரிப்பெட்டியை வைத்தேன். மேல்துணியும் விரிக்கவில்லை. அது பாலியஸ்டர் துணி. சூடு தாங்காமல் இளகி ஒட்டிக்கொண்டது. பதறி இழுத்தேன். பெயரின் இறுதியில், னகரத்தின் புள்ளி இருந்த இடத்தில் ஒரு பொத்தல்!

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் ஆட்டம். அம்மா கடிந்துகொள்ளவில்லை. வெள்ளைத் துணியில் சிறு வட்டம் ஒன்றை வெட்டி, பொத்தலின்மீது வைத்துத் தைத்தார். “புள்ளி இல்லாவிட்டால் உன் பெயர் முடியாது” என்றார்.

அன்று நாங்கள் தோற்றோம். ஆனால் ஆட்டத்தின் இடையே, என் முதுகில் இருப்பது என்ன என்று எல்லாரும் கேட்டார்கள். நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். ழகரத்துக்கு நாவின் நுனியை மேல்நோக்கி வளைக்க வேண்டும் என்றேன். பலர் முயன்று, சிரித்து, விட்டுவிட்டார்கள். தலைவன் மட்டும் வீடு திரும்பும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். எங்கள் தெருமுனையில், “எழில்” என்று ஏறக்குறையச் சரியாகவே சொன்னான்.

பிறகு தயங்கி, “நீயும் என் பெயரைச் சரியாகச் சொல்வதில்லை, தெரியுமா?” என்றான். அவன் வங்காளத்துப் பையன். வீட்டில் ஒகரமாக ஒலிக்கும் அவன் பெயரைப் பள்ளியில் நாங்கள் அனைவரும் அகரமாகவே ஒலித்துவந்தோம். அவனும் ஒருநாளும் திருத்தியதில்லை.

நான் வெட்கத்தால் தலைகுனிந்தேன். அன்று மாலை அவன் வீட்டு வாசற்படியில் அமர்ந்து, அவன் பாட்டி அழைக்கும்படியே அவன் பெயரைச் சொல்லப் பழகினேன். அடுத்த வாரம் அவன் தன் சட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். வங்க எழுத்துகளைத் தாளில் எழுதி எடுத்துவந்திருந்தான். அட்டையை நான் வெட்டினேன். இஸ்திரிப்பெட்டியை மட்டும் அம்மா என்னிடம் கொடுக்கவில்லை.