சொல்ல நாணிய நோய்

நோயைப் பற்றி எழுதுவோர் பலர். மலத்தைப் பற்றி எழுதுவோர் அரியர். நானும் நான்கு திங்கள் வாய் திறவாதிருந்தவனே. இத்தமிழ்த்துறையில் பயின்று, கொல்லிமலையில் ஆசிரியப் பணியேற்றுப் பதினோராண்டுகள் ஆகின்றன. மலருக்குக் கட்டுரை வேண்டுமெனப் பேராசிரியர் எழுதியபோது, வல்வில் ஓரியைப் பற்றியோ கொல்லிப்பாவையைப் பற்றியோ எழுதவே எண்ணினேன். மனமோ வேறொன்றில் கிடந்தது. அதனையே எழுதுகின்றேன்.

ஆடித் திங்களில், ஓரி விழாவுக்கு முந்திய வாரம், மலத்தில் முதன்முறையாகக் குருதியைக் கண்டேன். முன்னாள் உண்ட பீட்ரூட்டின் நிறமாக இருக்கலாம் என்று தேற்றிக்கொண்டேன். மறுநாளும் கண்டபோது மூலம் என்று நானே பெயரிட்டேன். மூலத்தால் குருதி வருவதுண்டு. ஆசனவாய் வெடிப்பாலும் கிருமித் தொற்றாலும் வருவதுண்டு. குடலழற்சியாலும் புற்றுநோயாலும் வருவதும் உண்டு. நோயாளி தானே பார்த்துப் பிரித்தறிய இயலாது. மூலம் என்னும் பெயரை நான் தேர்ந்தது அறிவினாலன்று, அச்சத்தினால்.

நாள்கள் செல்லச் செல்ல வயிறே என் காலத்தை ஆளத் தொடங்கியது. பாடத்தின் நடுவே வகுப்பைவிட்டு ஓடினேன். காரவள்ளியிலிருந்து மலையேறும் பாதையில் எழுபது கொண்டையூசி வளைவுகள். இடையில் வயிறு கலங்கினால் என் செய்வது? கீழே செல்ல வேண்டிய நாள்களில் முதல்நாள் இரவே உணவை நிறுத்தினேன். பனி சூழ்ந்த இரவுகளில் டார்ச் விளக்குடன் புறக்கடைக் கழிப்பறைக்கு மும்முறை நடந்தேன்.

என் சிற்றப்பாவும் இவ்வாறே நடந்தவர். உடம்புச் சூடு என்றார். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். இரண்டாண்டு கழித்து மருத்துவரிடம் சென்றபோது பெருங்குடற் புற்று ஈரல்வரை பரவியிருந்தது. அவர் மறைத்தது நோயையன்று, நாணத்தை. அந்நாணமே எனக்கும் வழிவழிச் சொத்தாக வந்திருந்தது.

ஐப்பசி இறுதியில் நாமக்கல்லிலுள்ள அக்காவிடம் சொன்னேன். “ஏண்டா தம்பி, இதைச் சொல்றதுக்கா இத்தனை மாசம்?” என்றார், வேறொன்றும் கேட்கவில்லை. மறுநாள் என்னுடன் மருத்துவரிடம் வந்தார். மருத்துவர் ஒளிவின்றிக் கேட்டார்: எத்தனை முறை, எந்நிறம், சளி உண்டா, எடை குறைந்ததா, குடும்பத்தில் எவருக்கேனும் இருந்ததா? நானும் ஒளிவின்றி விடை கூறினேன். கொலனாஸ்கோப்பி என்னும் பெருங்குடற் சோதனைக்கு நாள் குறித்தார். அதற்குப் பதினெட்டு நாள்கள் இருந்தன.

அந்நாள்களை ஒரு சிறு குறிப்பேட்டால் கடந்தேன். நேரம், நிறம், வலி, உண்ட உணவு ஆகியவற்றை எழுதினேன். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கருமையாக்கும் என்பதால் விழுங்கிய மாத்திரைகளையும் குறித்தேன். நாளொன்றுக்குப் பத்து முறை என்று அஞ்சியிருந்தது, எண்ணிப் பார்த்தால் ஆறே. அச்சம் கணக்கறியாதது, ஏடு கணக்கறிந்தது. மிகுந்த குருதிப்போக்கு, மயக்கம், கடும் வயிற்றுவலி, காய்ச்சல் கண்டால் குறித்த நாளுக்குக் காத்திராமல் வருமாறு மருத்துவர் சொல்லியிருந்தார். எதற்கு அஞ்ச வேண்டும் என்று தெரிந்தபின், மற்றவற்றுக்கு அஞ்சுவது குறைந்தது.

சோதனைக்கு முன் மூன்று நாள்கள் நார்ப்பொருள் ஆகாது. சாமை, தினை, கேழ்வரகு, பலா, அன்னாசி என மலை தரும் நல்லுணவெல்லாம் விலக்காயின. வெள்ளைச் சோறும் மோருமே உணவு. பேதி மருந்தை அருந்திவிட்டு எழுபது வளைவுகளைக் கடப்பது இயலாத செயல். எனவே முதல்நாளே அக்கா வீடு சேர்ந்தேன். உப்புக் கரிக்கும் அம்மருந்துநீரைக் குவளை குவளையாக ஊற்றித் தந்தவர் அக்காதான். மலத்தைப் பற்றி அன்றிரவு நாங்கள் பேசிச் சிரித்ததுபோல் என்றும் சிரித்ததில்லை.

சோதனை அரைமணிக்குள் முடிந்தது. 1969இல் நியூயார்க்கில் உல்ஃப், ஷின்யா என்னும் இரு மருத்துவர்கள், வயிற்றைக் கிழிக்காமலே இத்தகைய கருவியின் வழியாகப் பெருங்குடலில் முளைத்த சதையை அகற்றினர். அக்கலை இன்று நம் மாவட்டத் தலைநகர்களுக்கும் வந்துவிட்டது. என் சிற்றப்பா காலத்திலும் இருந்தது. அவர்தாம் அதனிடம் செல்லவில்லை.

“பார்வைக்குக் குடலழற்சி போலத் தோன்றுகிறது, திசுச் சோதனை முடிவு வரட்டும்” என்றார் மருத்துவர். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தை மாணவர்க்குப் பலமுறை நடத்தியுள்ளேன். நோய் இன்னதென்று ஆராய்வதை வள்ளுவர் மருத்துவத்திற்கு முன்னே வைத்தது ஏன் என்பதை இப்போதுதான் உணர்கின்றேன்.

இதை எழுதும் இன்றும் முடிவு வரவில்லை. இன்னும் நான்கு நாள்கள் உள்ளன. அஞ்சவில்லை என்று சொன்னால் அது பொய். ஆயினும் மலைப்பாதையில் ஓட்டுநர் எழுபது வளைவுகளையும் ஒருங்கே காண்பதில்லை. அடுத்த வளைவையே காண்கின்றார். நானும் அவ்வாறே செல்கின்றேன். இதனைப் படிக்கும் எவரேனும் உள்ளுக்குள் ஒன்றை மறைத்து வைத்திருப்பின், இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். நான்கு திங்கள் காத்திருக்க வேண்டா.