எண்ணெய் இல்லாமல் எரிந்த விளக்கு

வைக்கம் முகம்மது பஷீரின் 'நீலவெளிச்சம்' சிறுகதை ஒரு விளக்கில் போய் முடிகிறது. பேய் வீடு என்று ஊரார் ஒதுக்கிய வீட்டில் குடியேறிய எழுத்தாளர், இரவில் விளக்குக்கு எண்ணெய் தீர்ந்துபோக, மண்ணெண்ணெய் கேட்டு நண்பர்களிடம் போகிறார். திரும்பி வந்து பார்த்தால் அறை முழுக்க நீல வெளிச்சம். எண்ணெய் இல்லாத விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. ஏற்றியது யார் என்று பஷீர் சொல்லவில்லை.

டில்லி லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளியில் படித்து, பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்களிடம் மலையாளம் கற்ற திரைக்கதை ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பேய்க்கதை ஒன்றைத் திரைக்கதையாக்கித் தரும்படி யார் கேட்டு வந்தாலும் முதலில் இந்தக் கதையைத்தான் படிக்கச் சொல்வார். இதே கதை இரண்டு முறை படமாகியிருக்கிறது, இரண்டையும் வைத்துத் தொழிலையே கற்றுக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி.

முதலாவது, 1964-இல் வந்த 'பார்கவி நிலையம்'. ஸ்ரீதரின் 'கல்யாணப் பரிசு', 'காதலிக்க நேரமில்லை' படங்களுக்கு ஒளிப்பதிவு செய்த ஏ. வின்சென்ட் இயக்கிய முதல் படம். திரைக்கதை பஷீரே எழுதினார். மூலத்துக்கு விசுவாசம் என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தில் திகைத்துத்தான் போவார்கள். சிறுகதை திறந்து வைத்த கேள்வியை, கதாசிரியரே படத்தில் அடைத்துவிட்டார். பார்கவிக்கு (விஜய நிர்மலா) ஒரு காதலன் வந்தான், பிரேம் நசீர். பொறாமைபிடித்த உறவுக்காரன் நாணுக்குட்டன் வந்தான், பி. ஜே. ஆன்டனி. ஃப்ளாஷ்பேக், கொலை, கடைசியில் தண்டனை எல்லாம் வந்தன. கதையில் தற்கொலை என்று ஊர் நம்பிய சாவு, படத்தில் கொலையாக வெளிப்படுகிறது. போதாததற்குப் படம் கறுப்பு வெள்ளை. நீலத்தைக் காட்ட வழியே இல்லை.

அப்படியும் அந்தப் படம் பஷீரின் கதையாகவே நிற்கிறது. காரணம், படத்தின் தொடக்கப் பகுதி. ஆளில்லாத வீட்டில் எழுத்தாளராக நடிக்கும் மது தனியாக நடமாடுகிறார். கண்ணுக்குத் தெரியாத பெண்ணிடம் வாய் ஓயாமல் பேசுகிறார். கூடக் குடியிருப்பவளிடம் அனுமதி கேட்பதைப்போல, உரிமையோடும் மரியாதையோடும். பேயைப் பார்த்து அலறாமல் அதனோடு உறவு கொண்டாடுவதுதான் கதையின் உயிர். எதிரே நடிக்க ஆளில்லாமல் இவ்வளவு நேரம் ஒருவரைப் பேசவிட ஓர் இயக்குநருக்கு எத்தனை துணிச்சல் வேண்டும்! சம்பவங்களை எவ்வளவு மாற்றினாலும் பஷீர் இந்தக் குரலை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

2023-இல் ஆஷிக் அபு, டொவினோ தாமஸையும் ரீமா கல்லிங்கலையும் வைத்து மறுபடி எடுத்தார். தலைப்பு 'நீலவெளிச்சம்'. பெயர் சிறுகதையுடையது என்றாலும் படம் அடியொற்றிப் போனது 1964 திரைக்கதையை. பழைய படத்துக்குப் பாபுராஜ் இசையமைத்த பாடல்கள்கூட மீண்டும் ஒலித்தன. வண்ணம் கைக்கு வந்துவிட்டது. சிறுகதைக்கே திரும்பிப் போய், விடை சொல்லாமல் முடித்துப் பார்க்க நல்ல வாய்ப்பு. அது நழுவியது என்பதில் நம் திரைக்கதை ஆசிரியருக்கு உண்மையான வருத்தம்.

பஷீரைப்போலத் தம் கதையைத் தாமே திரைக்குக் கொண்டுபோன அனுபவம் ஸ்டீபன் கிங்குக்கும் உண்டு. 'தி ஷைனிங்' நாவலை ஸ்டான்லி குப்ரிக் 1980-இல் எடுத்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. 1997-இல் தாமே திரைக்கதை எழுதித் தொலைக்காட்சித் தொடராகக் கொண்டுவந்தார். நாவலில் விலங்கு வடிவில் வெட்டிவிட்ட புதர்ச்செடிகள், நாம் பார்க்காத நேரத்தில் இடம் மாறும். படிக்கும்போது முதுகு சில்லிடும். குப்ரிக் அவற்றைத் தூக்கிவிட்டுப் புதர்வேலியாலான புதிர்ப்பாதையை வைத்தார். தொடரிலோ அதே செடிகள் கணினி வரைகலையில் அசைந்தன, பயம் போயே போய்விட்டது. எழுத்தில் ஓரக்கண்ணால் உணர்வதைத் திரை நேருக்கு நேர் காட்டிவிடுகிறது.

சில துரோகங்கள் மூலத்தையே மாற்றிவிடுவதும் உண்டு. பிராம் ஸ்டோக்கரின் 1897 நாவலில் டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடமாடுவான். உரிமை வாங்காமல் எடுத்த 'நொஸ்ஃபெராட்டு' (1922) படத்தில்தான் ரத்தக்காட்டேரி சூரிய ஒளியில் அழிந்தது. இன்று அதுவே எல்லோருக்கும் தெரிந்த விதி.

தயாரிப்பாளர்களோ கதை கேட்டதும், "பேய்க்கு ஃப்ளாஷ்பேக் எங்கே சார்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். லக்ஷ்மிபாய் நகர்க்காரர் அதை மறுப்பதில்லை. பேய் யார், எப்படிச் செத்தது, யார் மேல் கோபம் என்று முழுதாக எழுதி நடிகர்களுக்கும் இயக்குநருக்கும் தனியே கொடுத்துவிடுவார். படப்பிடிப்புக்குப் போகும் சீன் பட்டியலில் அதிலிருந்து ஒரு சீனும் இருக்காது.