துணை வழங்கியும் வீட்டுத் தமிழும்



தரவு மையம் ஒன்றில் பணியாற்றும் என் முன்னாள் மாணவர் ஒருவர், தம் பணியைப் பற்றி அண்மையில் எனக்கு விளக்கினார். ஒரு வழங்கி பழுதடைந்தால் மற்றொன்று உடனே அதன் பணியை ஏற்கும்படி, வழங்கிகள் சிலவற்றை இணைத்து வைப்பார்களாம். அதனைக் கொத்தணி என்கின்றனர். அதற்கான மென்பொருளை நிறுவுவதைவிட, அதற்குமுன் வழங்கிகளை ஆயத்தம் செய்வதே பெரும்பணி என்றார்.

எல்லா வழங்கிகளிலும் இயங்குதளம் ஒரே பதிப்பாக இருத்தல் வேண்டும். கடிகாரங்கள் ஒத்திருத்தல் வேண்டும். இல்லையேல் பதிவுகளில் எது முன், எது பின் என்பது குழம்பிவிடும். ஒன்றின் பெயரும் முகவரியும் மற்றதற்குத் தெரிந்திருத்தல் வேண்டும். தாம் இயங்குவதை அவை இடைவிடாது ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொண்டே இருக்கும். இதற்கு இதயத்துடிப்பு என்றே பெயர். அது செல்ல இரு தனி வலைப்பாதைகள் தேவை. ஒரே பாதை இருந்து அதுவும் அறுந்தால், ஒவ்வொரு வழங்கியும் மற்றது மாண்டதெனக் கருதி, பொதுச் சேமிப்பகத்தில் தானே எழுத முனைந்து, தரவைச் சிதைத்துவிடக்கூடும். ஆகவே இரண்டே வழங்கிகள் உள்ள இடத்தில் மூன்றாவது வாக்கு ஒன்றையும் அமைக்கின்றனர். இறுதியாக, ஓடிக்கொண்டிருக்கும் வழங்கியை வேண்டுமென்றே நிறுத்திச் சோதிக்கின்றனர்.

இத்தகைய ஆயத்தத்தின் அருமையைச் சிங்கப்பூர் 2023 அக்டோபர் 14, சனிக்கிழமை உணர்ந்தது. தீபாவளிக்கு ஒரு மாதமே இருந்த நேரம். தேக்காக் கடைகளிலும் கைப்பேசியால் பணம் செலுத்துவது வழக்கமாகிவிட்ட காலம். தரவு மையம் ஒன்றின் குளிரூட்டும் அமைப்பு பழுதடைந்ததால் டிபிஎஸ், சிட்டிபேங்க் வங்கிகளின் சேவைகள் முடங்கின. ஏறத்தாழ 2.5 மில்லியன் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை. இரு வங்கிகளுக்கும் மாற்று மையங்கள் இருந்தன. ஆயினும் ஒன்றில் வலையமைப்பு தவறாக அமைக்கப்பட்டிருந்தது. மற்றதில் இணைப்புச் சிக்கல். 12 மாதங்களில் 4 மணி நேரத்திற்குமேல் முக்கியச் சேவை முடங்கலாகாது என்ற சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதியை இரண்டுமே நிறைவேற்றவில்லை.

தமிழாசிரியருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதும் அதற்கு மேலும் உடைய சிங்கப்பூர்வாசிகளுள் 3.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகமாகப் பேசிய மொழி தமிழ். 2020இல் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. பிள்ளையின் தமிழுக்குப் பள்ளியும் வீடும் இரு வழங்கிகள். பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று வீடும், வீடு பார்த்துக்கொள்ளும் என்று பள்ளியும் இருந்துவிட்டால் தமிழை யார் ஏற்பது?

ஆண்டிறுதி விடுமுறை ஏறத்தாழ ஆறு வாரம். பள்ளி என்னும் வழங்கியை நிறுத்திப் பார்க்கும் சோதனை அதுவே. ஆகவே விடுமுறைக்கு முன் பெற்றோரிடம் நான் மூன்று கேள்விகள் கேட்கிறேன். வீட்டில் பிள்ளையுடன் தமிழில் பேசப்போவது யார்? நாளின் எந்த வேளையில்? எந்தத் தமிழ் நூல் பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது? விடைகளைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்கிறேன். தங்கள் வீட்டிலும் எழுதிப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.