மல்லி கடித்த மூலை

ஜூன் 30

இன்று நெல்லையப்பர் கோயிலில் ஆனித் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது. சாயங்காலம் கோயில் பக்கமிருந்து வேட்டுச் சத்தம். அடுக்களையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த எனக்குக் காது தானாக, எங்கள் முயல் மல்லி இருக்கும் தார்சாப் பக்கம் போனது. எங்கள் வீடு கீழரத வீதிக்கு இரண்டு தெரு தள்ளி. வருஷா வருஷம் முதல் வேட்டுக்கு மல்லி பின்னங்காலால் தரையில் ஓங்கி ஒரு அடி அடிப்பாள். இரண்டரைக் கிலோ உடம்பிலிருந்தா இந்தச் சத்தம் என்று விருந்தாளிகள் திடுக்கிடுவார்கள்.

நம் ஊர்க் காட்டு முயல் வளை தோண்டாது. புல்லுக்குள் ஒரு பள்ளம் செய்து தனியாகப் படுத்துக்கொள்ளும். வீட்டில் வளர்க்கிற முயல் வேறு இனம். அதன் முன்னோர் ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்தவை. ஆபத்து வந்தால் வெளியே நிற்பது தரையை அடிக்கும், உள்ளே இருப்பவை பதுங்கிக்கொள்ளும். எட்டு வருஷமாக வேட்டு வெடித்த போதெல்லாம் மல்லி எச்சரித்தது எங்களைத்தான்.

இன்று அடி கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். சாக்கின்மேல் கால்களை உடம்புக்கடியில் மடித்து உட்கார்ந்திருந்தாள். அடுத்த வேட்டுக்குக் காது திரும்பியது. அவ்வளவுதான்.

ஜூலை 1

காலையில் எழுந்ததும் புழுக்கை பார்ப்பது என் வேலை. முயல் வளர்க்காதவர்களுக்கு இது அருவருப்பாக இருக்கலாம். எங்களுக்கு அதுதான் அவள் எழுதிவைக்கும் கடிதம். உருண்டையாக, ஒரே அளவில், உதிரியாக நூற்றுக்கு மேல் கிடந்தால் நல்ல நாள். சிறுத்தால் சரியாகத் தின்னவில்லை என்று பொருள். ஒன்றுமே இல்லாவிட்டால் அன்றைக்கே டாக்டர். முயலுக்கு வாந்தி எடுக்க வராது. குடல் நின்றுபோனால், அரை நாள் தின்னாமல் கிடந்தாலே உயிருக்கு ஆபத்து. நாய் முனகும், பூனை கத்தும். முயல் பிற மிருகங்களுக்கு இரையாகவே பிறந்தது. வலியைக் காட்டினால் முதலில் பிடிபடுவது அதுதான். அதனால் கடைசிவரை ஒளித்துவைக்கும்.

இன்று எண்ணியதில் பதினேழு. சாக்கில் சிவப்பாக ஒரு கறையும் இருந்தது.

அந்தக் கறையைப் போன மாதமும் பார்த்தேன். முயலின் சிறுநீர் சில சமயம் செங்கல் நிறத்தில் போகும், தின்ற தழையைப் பொறுத்தது, பயப்பட ஒன்றுமில்லை. மல்லிக்கு முன்பும் இப்படி இரண்டு மூன்று தடவை வந்து தானாகச் சரியாகியிருக்கிறது. அதே நினைப்பில் சாக்கை அலசிக் காயப்போட்டுவிட்டேன். இன்று வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்தேன். ரத்தம்தான்.

ஜூலை 2

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, மூங்கில் கூடையில் துண்டு விரித்து, ஆட்டோவில் ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அத்தை, அதாவது என் மாமியார், கூடைக்குள் கை விட்டு அவள் நெற்றியைத் தடவிக்கொண்டே வந்தார்கள். முயலுக்குத் தலையைத் திருப்பாமலே சுற்றிலும் தெரியும். மூக்குக்கு நேர் முன்னால் ஒரு சின்ன இடம் மட்டும் தெரியாது. அங்கே கையை நீட்டினால் மிரளும். மேலிருந்து நெற்றிக்குத்தான் வர வேண்டும். அத்தைக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை.

டாக்டர் சின்னப் பெண். வயிற்றை அமுக்கிப் பார்க்கும்போதே முகம் மாறியது. ஸ்கேனில் கருப்பையில் கட்டி. எக்ஸ்ரேயில், கறுப்பாகத் தெரிய வேண்டிய நுரையீரலில் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள். நான்கு வயது தாண்டிய, கருப்பை எடுக்காத பெண் முயல்களுக்கு இந்தப் புற்று மிகச் சாதாரணம், சில இனங்களில் பாதிக்கு மேல் வரும் என்றார். சின்ன வயதிலேயே கருப்பையை எடுத்திருந்தால் வந்திருக்காது.

மல்லிக்கு ஒரு வயதானபோது வேறொரு டாக்டரிடம் இதைக் கேட்டேன். "ஒத்தை முயல்தான, குட்டி போடவா போகுது, எதுக்கு ஆபரேஷன்?" என்றார். மயக்க மருந்தில் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்த எனக்கு அந்தப் பதில் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்று தாங்க முடியவில்லை. முயல் வளர்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த ஒன்றை மட்டும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். ஒருவர் வேண்டாம் என்றால் இன்னொருவரிடமும் கேளுங்கள்.

வலிக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். தீவனப் பொடியைக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சால் வாய் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னார்கள். கிளம்பும்போது டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்பக் கஷ்டப்பட்டான்னா ஊசி போட்டுத் தூங்க வெச்சிரலாம்மா. யோசிச்சுக்கோங்க" என்றார். அத்தை கூடையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்கள்.

ஜூலை 3

தூக்கம் வரவில்லை. எழுதிக்கொண்டாவது இருக்கிறேன்.

தம்பி என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் மகன் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஜங்ஷனில், சைக்கிள் கேரியரில் கம்பிக்கூண்டு கட்டி விற்றவரிடம் இரண்டு குட்டி வாங்கிவந்தான். கண் திறந்து பத்து நாள் ஆகியிருந்தால் அதிகம். தாயிடம் இன்னும் ஒரு மாதமாவது இருந்திருக்க வேண்டியவை. நாங்கள் பசும்பால் கொடுத்தோம். ஒரு குட்டி வயிற்றாலே போய் மூன்றாம் நாள் செத்தது. மற்றது தானாகவே பாலை ஒதுக்கிவிட்டு அறுகம்புல்லைப் பிடித்துக்கொண்டது. மல்லிகைப்பூ நிறம் என்று தம்பி மல்லி எனப் பெயர் வைத்தான். பிறகு கொத்தமல்லிக் கட்டைக் கண்டால் அவள் துள்ளுகிற துள்ளலைப் பார்த்து, அந்த மல்லிதான் இந்த மல்லி என்று ஆகிவிட்டது.

அத்தைக்கு ஆகவே ஆகாது. "முசலை எல்லாம் வீட்டுக்குள்ள வெச்சு எவளாவது வளப்பாளா?" என்பார்கள். அதிலும் அந்தப் பாய் விவகாரம்! அத்தை கல்யாணத்துக்கு நெய்து வாங்கிய பத்தமடைப் பாய், மாமா போன பிறகு யாரும் படுக்காமல் பட்டாசலில் சுருட்டிச் சாத்தி வைத்திருந்தது. ஒரு மத்தியானம் மல்லி அதன் ஒரு மூலையைச் சாணளவுக்கு நறுக்கிவிட்டாள். கோரையும் புல்தானே! முயலுக்கு ஆயுள் முழுக்கப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் நீளும். எதையாவது கடித்து அரைத்துத் தேய்க்காவிட்டால் வாயை மூடவே முடியாமல் போகும். இதையெல்லாம் தம்பி அழுதுகொண்டே ஆச்சியிடம் விளக்கினான். அத்தை மூன்று நாள் மல்லி இருந்த பக்கமே திரும்பவில்லை. நான்காம் நாள் நான் பள்ளிவிட்டு வந்தபோது, பாயைத் தார்சாவில் விரித்து அத்தை படுத்திருந்தார்கள். கடித்த மூலையில் மல்லி காலை நீட்டிச் சரிந்து கிடந்தாள். பயம் துளியும் இல்லாத இடத்தில்தான் முயல் அப்படிச் சரியும்.

அதன்பிறகு அவள் அத்தை முயல்தான். அக்னி நட்சத்திரத்தில் தண்ணீர் பாட்டிலை ஐஸாக்கித் துணி சுற்றிப் பக்கத்தில் வைப்பது, காதை ஈரக்கையால் துடைப்பது எல்லாம் அத்தைதான். முயலுக்கு நம்மைப் போல வேர்த்து ஆறத் தெரியாது, காது வழியாகத்தான் சூடு இறங்க வேண்டும்.

ஜூலை 5

நான் நம்பிக்கொண்டிருந்தேன். நேற்று இரண்டு சிரிஞ்ச் கரைசல் இறங்கியது, இன்று கொத்தமல்லி ஒரு காம்பு தின்றாள். என் வீட்டுக்காரரிடமும் தேறிவருகிறாள் என்றுதான் சொன்னேன்.

காலையில் காப்பி ஆற்றும்போது அத்தை சொன்னார்கள்: "அவ ராத்திரி பூரா பல்லைக் கடிக்கா. நீ கேக்கலியா?"

"அது சந்தோஷத்துல அரைக்கிறதுதான அத்தை? நெத்தியத் தடவுனா எப்பவும் அரைப்பாளே."

"அது வேற, இது வேற. அது புள்ள தொட்டில்ல கிடந்து தனக்குத்தானே பேசுத மாதிரி இருக்கும், மெத்துனு. இது நறநறங்கு. உங்க மாமா கடைசி நேரத்துல கடிச்ச கடி."

புத்தகத்தில் நான் படித்ததுதான். முயல் சுகமாக இருந்தாலும் பல்லை உரசும், வலித்தாலும் உரசும். முன்னது மெல்லியது, பின்னது உரத்தது. படித்த எனக்குக் காதில் விழவில்லை. பக்கத்தில் படுத்துக் கிடந்த அத்தைக்கு விழுந்திருக்கிறது.

மத்தியானம் மல்லி கழுத்தை மேலே தூக்கி, மூக்கை வானம் பார்க்க வைத்து மூச்சு இழுக்க ஆரம்பித்தாள். முயல் மூக்கால்தான் மூச்சு விடும். வாயைத் திறந்துவிட்டால் இனி ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஊசிக்குச் சொல்லிரு. தம்பி வந்து ஒருக்கப் பாத்துக்கிடட்டும். போதும்" என்றார்கள். வேண்டவே வேண்டாம் என்று எழுந்து போனவர்கள் அவர்கள்தான்.

தம்பிக்குப் போன் பண்ணினேன். சென்னையில் அவனுக்கு முதல் வேலை. ஒன்றும் பேசவில்லை. "நாளைக்கு நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறுதேன்" என்று வைத்துவிட்டான்.

ஜூலை 7

காலையில் பையைக்கூட இறக்காமல் தார்சாவுக்கு வந்து குப்புறப் படுத்துக்கொண்டான். சின்ன வயதில் அப்படித்தான் படுப்பான், அவள் கண்ணும் இவன் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்று. மல்லி கழுத்தை நீட்டி இவன் மூக்கைத் தன் தாடையால் ஒரு தடவை உரசினாள். தாடைக்கடியில் முயலுக்கு வாசனைச் சுரப்பி உண்டு. தனக்குச் சொந்தமானதில் எல்லாம் உரசி வைக்கும். பீரோக் கால், என் செருப்பு, அத்தையின் வெற்றிலைப் பெட்டி எல்லாம் அவளுடையவை.

வீட்டுக்கு வர ஒத்துக்கொண்ட பாளையங்கோட்டை டாக்டர் பத்து மணிக்கு வந்தார். முதல் ஊசி மயங்குவதற்கு. அத்தை சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார்கள். தலை மெதுவாகச் சாய்ந்தது. அத்தை நெற்றியைத் தடவ, எனக்குக் கேட்டது, மிக மெல்லிய அரைப்பு. ஒருவேளை மருந்தினால் இருக்கலாம். நான் டாக்டரிடம் கேட்கவில்லை. அது நின்ற பிறகுதான் இரண்டாவது ஊசி.

"போய்ட்டு வாட்டி" என்றார்கள் அத்தை.

புறவாசலில் முருங்கைக்குப் பக்கத்தில் இவரும் தம்பியும் இடுப்பளவு தோண்டினார்கள், தெருநாய் கிளறாதபடிக்கு. உடம்பைப் பாயில் சுற்றலாமா என்று நான்தான் கேட்டேன். "பாயா? வேண்டாம். அவ பல்லுப் பட்டது அது ஒண்ணுதான் இருக்கு, அது வீட்ல கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மாமாவின் நைந்த மல் வேட்டியை எடுத்துத் தந்தார்கள். கீழே கல்லுப்பு, ஒரு கட்டுக் கொத்தமல்லி. தம்பி மண்ணைத் தள்ளவில்லை. இவர்தான் தள்ளினார்.

ஜூலை 8

இன்று தேர். ஊரே வடம் பிடிக்கப் போயிருக்கிறது. வேட்டு வெடித்தபோது நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தார்சாவைப் பார்த்தோம்.

ஜூலை 12

தம்பி திரும்பிப் போய்விட்டான். காலையில் எழுந்ததும் கையில் துடைப்பத்துடன் தார்சாவுக்குப் போய்விடுகிறேன். தரை சுத்தமாக இருக்கிறது. புழுக்கை ஒன்றுமில்லாத தரையைப் பார்த்தால் இன்னும் அடிவயிறு பதறுகிறது.

ஜூலை 19

நயினார்குளம் மார்க்கெட்டில் கீரைக்கார அக்கா எனக்கென்று முள்ளங்கித் தழையைக் கட்டித் தனியாக வைப்பார். மற்றவர்கள் கிழங்கை வாங்கிக்கொண்டு தழையைத் திருகிப் போட்டுவிட்டுப் போவார்கள். அது எட்டு வருஷமாக எங்கள் வீட்டுக்கு வரும், காசு வாங்கமாட்டார். மல்லி போன பிறகு இரண்டு தடவை போனேன். சொல்ல வாய் வரவில்லை. வாங்கி வந்து அப்படியே எதிர்வீட்டு ஆட்டுக்குக் கொடுத்தேன். இன்று கட்டை நீட்டியபடி, "மல்லி நல்லாருக்காளா?" என்று கேட்டுவிட்டார்.

சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன வயசு?" என்றார். எட்டு முடிந்து ஒன்பது என்றேன். "நல்ல வயசுதான் தாயி" என்று சொல்லி, தழைக் கட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளாமல் என் பையிலேயே வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை அருவாமனையை எடுத்துப்போட்டு உட்கார்ந்து, தழையை ஆய்ந்தார்கள். தேங்காய் போட்டுப் பொரியல் பண்ணலாம் என்றார்கள். எட்டு வருஷமாக இந்த வீட்டில் யாரும் முள்ளங்கித் தழை தின்றதில்லை, அது அவள் பங்கு. இலையைச் சட்டியிலும் காம்பைத் தனியாகத் தட்டிலும் போட்டார்கள். மல்லிக்குக் காம்புதான் பிடிக்கும். ஆய்ந்து முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு தார்சா வரைக்கும் போய், நின்று, பாயின் கடித்த மூலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்கள்.

ராத்திரி விளக்கை அணைக்கப் போகும்போது பார்த்தேன். காம்பெல்லாம் வாடிக் கிடந்தது. நான் எடுக்கவில்லை.